சாயங்கால மாத்திரை

கட்டிலுக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்தாள் பெரியவள். கட்டிலின் மேல் அவளுடைய அப்பா இறந்து கிடந்தார்.

"என்னடி தேடுற இந்த நேரத்துல?" என்றாள் அத்தை. அப்பாவின் தங்கை. வந்ததிலிருந்து தலைமாட்டு நாற்காலியை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

"அப்பாவோட மாத்திரை பாட்டில், அத்தை. ஆஸ்பத்திரி ஆராய்ச்சியில இருந்து நர்ஸ் வர்றாங்க. மிச்ச மாத்திரையைத் திருப்பிக் குடுக்கணுமாம்."

"ஆளையே எடுத்துக்கிட்டாங்க. இனி பாட்டில் ஒண்ணுதான் பாக்கி."

பெரியவள் இன்னும் குனிந்து டார்ச்சை உள்ளே நீட்டினாள். மதியத்திலிருந்தே அவளுக்கு எதுவும் பிடிபடவில்லை. சாப்பிட்டு முடித்துத் தட்டை நகர்த்தி வைத்து, "கொஞ்சம் சாஞ்சுக்கறேன்" என்று படுத்தவர் அப்படியே போய்விட்டார். தம்பிக்குப் போன் செய்தாள்; அவன் விமானம் பிடித்து வர மறுநாள் காலை ஆகிவிடும். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் கழுவிய டம்ளர்களையே மறுபடியும் கழுவினாள். துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம், "அப்பா தூங்குறார், அப்புறமா வாங்க" என்றுகூடச் சொல்லிவிட்டாள். அவர் பாவம், சரியென்று தலையாட்டிவிட்டு அப்படியே வாசலில் நின்றார். அழுகை வரவில்லை. பாட்டிலோடு சேர்த்து அதையும் எங்கேயாவது தேட வேண்டும் போலிருந்தது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். அந்த வட்டாரத்தில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவர் கைபட்டு ஓடியதுதான். ஆனால் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். இதயம் பலவீனமாகிக் கால்கள் வீங்கத் தொடங்கிய பிறகு, ஒவ்வொரு படித் திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்குவார். "ஊரையே மேல தூக்கிவிட்டேன். என்னைத் தூக்க ஒரு மோட்டார் இல்ல பாரு" என்று சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும்.

அப்போதுதான் பெரியவள் அந்த ஆராய்ச்சியைப் பற்றிக் கேள்விப்பட்டாள். ரத்தக்கொதிப்பும் பலவீனமான இதயமும் சேர்ந்திருப்பவர்களுக்கு, காலையும் சாயங்காலமும் போட ஒரு புது மாத்திரை. சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்குப் பார்க்க அச்சாக அதேபோல் இருக்கும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்பது நர்ஸுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அப்பா தயங்கினார். "நிஜமாத்தான் இருக்கும்ப்பா, போடுங்க கையெழுத்து" என்று பேனாவைத் திறந்து அவர் கையில் கொடுத்தவள் பெரியவள்தான். அத்தை அன்றைக்கே சொன்னாள், "என் அண்ணன் என்ன எலியா?" என்று.

அம்மாவுக்கும் ரத்தக்கொதிப்பு உண்டு. அவளையும் சேர்க்கச் சொல்லி அப்பா கேட்டுப் பார்த்தார். இதயம் நன்றாக இருக்கிறது, எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "நல்லா இருந்தாலும் குத்தமா?" என்று அப்பா வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தார்.

கட்டிலுக்கு அடியில் பழைய ஸ்பேனரும் ஒற்றைச் செருப்பும்தான் இருந்தன. பெரியவள் எழுந்து சமையலறைக்குப் போனாள்.

அம்மா மேடையோரம் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் தண்ணீர் டம்ளர். இன்னொரு உள்ளங்கையில் ஒரு வெள்ளை மாத்திரை. டீத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில், தேடிய பாட்டில் மூடி திறந்தபடி இருந்தது.

"அம்மா! அது அப்பாவோடது!"

"சாயங்காலம் ஆயிடுச்சேடி" என்றாள் அம்மா, அதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும் என்பதுபோல. "காலை மாத்திரை அவருக்கு. சாயங்கால மாத்திரை எனக்கு."

"என்ன சொல்ற நீ?"

"மொதல்லேருந்தே அப்படித்தான். எனக்குக் கொதிப்புக்குக் குடுத்த மாத்திரையால கால் வீங்குதுன்னு நிறுத்திட்டேன்ல. உங்கப்பாவுக்கு மனசு கேக்கல. 'உசத்தி மாத்திரையை நான் மட்டும் முழுங்கிட்டு உன்னைப் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா'ன்னாரு. சாயங்காலமானா பாட்டிலை ஆட்டுவாரு. நான் கையை நீட்டுவேன்."

காலையில் அவர் பாட்டிலைக் கிலுகிலுவென்று ஆட்டுவது பெரியவளுக்குத் தெரியும். "மணி அடிச்சாச்சு" என்பார். சாயங்காலம் அவள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் இருப்பாள். அந்த மணியை அவள் கேட்டதே இல்லை. ஒரு மாத்திரைகூட மிச்சம் வைக்காத ஆள் என்று நர்ஸ் ஒவ்வொரு முறையும் அவரைப் பாராட்டியதும், பரிசு வாங்கிய பிள்ளைபோல அவர் நெளிந்ததும் ஞாபகம் வந்தன. சிரிப்பு வரும்போல இருந்தது. வரவில்லை.

"இதைப் போட்டப்புறம் கொதிப்பு எறங்கிடுச்சுடி. மருந்துக்கடைக்காரர் அளந்து பாத்துட்டு, 'சின்னப் பொண்ணு மாதிரி இருக்கு'ன்னாரு" என்ற அம்மா, சட்டென்று நிறுத்திக்கொண்டாள். டம்ளரை மேடையில் வைத்தாள். "அப்போ... அது நெஜ மருந்துதானா? அவர் பங்கையா நான் சாப்பிட்டுட்டேன்?"

பெரியவள் மாத்திரையை அம்மாவின் கையிலிருந்து எடுத்துப் பாட்டிலில் போட்டு மூடினாள். கொதிப்பு இறங்கியது மருந்தாலா? அப்பாவுக்காக வீட்டில் உப்பைக் குறைத்ததாலா? எவ்வளவு யோசித்தாலும் கணக்கு இரண்டு இடத்தில்தான் வந்து நின்றது. மருந்து என்றால், அம்மா அதைத் தின்றதால் அப்பா போனார் என்றாகும். மாவு என்றால், மகள் பேனாவைத் திறந்து கொடுத்து வெறும் மாவை நம்ப வைத்ததால் போனார் என்றாகும். மூன்றாவதாக ஓர் இடம் இல்லவே இல்லையா?

"தெரியலம்மா. நீ போய் அப்பாகிட்ட உக்காரு" என்றாள்.

நர்ஸ் மாடியேறி மூச்சு வாங்க வந்து, அப்பாவின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றாள். "ஐயா மாதிரி யாரும் ஒழுங்கா மாத்திரை போட்டதில்ல" என்றாள். அதைக் கேட்டு அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

பெரியவள் நர்ஸை வெளியே படிக்கட்டுப் பக்கம் அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். நர்ஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அடக் கடவுளே. இத்தனை நாளா அம்மாவுமா?"

"அம்மாவுக்கு ஏதாவது ஆயிடுமா, சிஸ்டர்?"

"என்ன மாத்திரைன்னு தெரியாம எப்படிச் சொல்றது? இருங்க, டாக்டர்கிட்ட பேசறேன். இந்த மாதிரி சமயத்துல, யாருக்கு எந்த மாத்திரைன்னு பூட்டி வச்ச பட்டியலை அவங்க திறந்து பாக்கலாம்."

அவள் எழுந்து படித் திருப்பம் வரை இறங்கிப் போய்ப் போனில் பேசினாள். நீண்ட நேரம் காத்திருந்தாள். பெரியவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் முதுகையே பார்த்தாள். அப்பா நின்று மூச்சு வாங்கும் இடம் அது. மாவாக இருக்கட்டும், மாவாக இருக்கட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. அன்றைக்குப் பேனாவைத் திறந்தபோது நிஜமாக இருக்கட்டும் என்று வேண்டிய அதே மனசுதான்.

நர்ஸ் மேலே ஏறி வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"நெஜ மருந்துதான்."

பெரியவள் கம்பியை விடவில்லை.

"பாதி போட்டதாலதான் போனாருன்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க. முழுசாப் போட்டவங்களும் போயிருக்காங்க. ஐயாவுக்கு இதயம் ரொம்ப மோசமாத்தான் இருந்துச்சு. ஆனா அம்மா திடீர்னு நிறுத்தினா கொதிப்பு ஏறும். நாளைக்கே கூட்டிட்டு வாங்க, வேற மாத்திரை எழுதித் தருவாங்க. அம்மாகிட்ட இப்போ நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

கூடத்தில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அம்மா மட்டும் பார்க்கவில்லை. அப்பாவின் மேல் கிடந்த போர்வையின் சுருக்கத்தைத் தடவித் தடவிச் சரி செய்துகொண்டிருந்தாள். பெரியவள் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"மாவும்மா" என்றாள், அத்தைக்கும் கேட்கும்படி. "வெறும் மாவு. இப்பத்தான் டாக்டர் திறந்து பாத்துச் சொன்னார்."

வாசலில் நின்ற நர்ஸ் வாயைத் திறந்தாள். பெரியவள் திரும்பிப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

"பாத்தியா! நான் அப்பவே தலையால அடிச்சுக்கிட்டேன்ல!" அத்தை நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். "மாவைக் குடுத்தே என் அண்ணனைக் கொன்னுட்டீங்களேடி! கையெழுத்துப் போட வச்சது நீதானே? பெத்த மகளே இப்படிச் செய்வாளா?"

"நான்தான் அத்தை" என்றாள் பெரியவள். இனி அத்தை இதை ஒவ்வொரு விசேஷத்திலும் சொல்லுவாள். சொல்லிக்கொள்ளட்டும்.

அம்மா வெகுநேரம் மகளையே பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி இருந்ததா கோபம் இருந்ததா என்று பெரியவளுக்கு விளங்கவில்லை. பிறகு அம்மா கட்டிலின் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களா? மாவாம். இதுக்குப் போயா உசத்தி மாத்திரை, உசத்தி மாத்திரைன்னு அந்தப் பீத்து பீத்தினீங்க?" அவள் குரல் உடைந்தது. மதியத்திலிருந்து முதல் தடவையாக அம்மா வாய்விட்டு அழுதாள். அதைப் பார்த்துப் பெரியவளுக்கும் எங்கோ காணாமல் போயிருந்த அழுகை வந்தது.

"நாளைக்கு உன்னை டாக்டர் வரச் சொல்லிருக்காரும்மா. உனக்குன்னு தனியா மாத்திரை தருவாங்க" என்றாள் அழுகையின் நடுவே. அம்மா தலையை ஆட்டினாள்.

நர்ஸ் பாட்டிலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கதவு திறந்தே இருந்தது. அவள் படியிறங்க இறங்க, பைக்குள் மாத்திரைகள் கிலுகிலுவென்று ஆடும் சத்தம் கூடத்துக்கு வந்தது.

அம்மா அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் கிடந்த அவளுடைய வலது கை மட்டும் மெல்ல எழுந்து, உள்ளங்கை விரிய, கட்டிலை நோக்கி நீண்டது.