வீட்டுலதான் இருந்தாரு

மனிதர்கள் ஏன் குற்றம் செய்கிறார்கள் என்று டாக்டர் மலர்விழி கேட்கவில்லை. பெரும்பாலானவர்கள் ஏன் செய்வதில்லை என்றுதான் கேட்டார். மலாக்கா டவுனில் சனிக்கிழமை காலையில் நடக்கும் பகுதிநேரப் பட்ட வகுப்பு அது. படிக்க வருகிறவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். போலீசுக்குப் பயந்துதான் என்றார் ஒருவர். சாமிக்குப் பயந்து என்றார் இன்னொருவர். மலர்விழி கேட்டுக்கொண்டார். பிறகு, பயத்தைவிட மனிதர்கள்தான் ஒருவனைப் பிடித்து வைக்கிறார்கள் என்றார். வீட்டில் ஒருத்தர் சோறு போட்டுக் காத்திருப்பது, ஒரு வேலை இருப்பது, போய்விட்டால் வலிக்கும்படி ஏதாவது இருப்பது. இந்தக் கட்டு தளர்ந்தால் கை நீளும் என்பது ஒரு கட்சி. ஆசை காட்டிவிட்டு வழியை அடைத்தால் மனுஷன் குறுக்கு வழி தேடுவான் என்பது இன்னொரு கட்சி. சேருகிற கூட்டத்திடமிருந்துதான் எல்லாவற்றையும் கற்றுக்கொள்கிறான் என்பது வேறொன்று.

வகுப்பில் உட்கார்ந்திருந்த இந்திராதேவி ஒவ்வொன்றையும் அண்ணன் சேகரனுக்குச் சட்டை போட்டுப் பார்ப்பதுபோலப் போட்டுப் பார்த்தாள். எல்லாமே கொஞ்சம் பொருந்தின. எதுவும் முழுசாகப் பொருந்தவில்லை. இரண்டு பேரும் அலோர் காஜா பக்கத்தில் ஒரே எஸ்டேட் வீட்டில் வளர்ந்தவர்கள். ஒரே அப்பாவின் பெல்ட்டில் அடி வாங்கியவர்கள். எஸ்டேட்டை முதலாளி விற்றுவிட, எல்லாரும் வெளியேறியபோது அவள் டியூஷனுக்குப் போனாள், அவன் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தான். டெக்னீஷியன் வேலைக்கு எழுதிப் போட்டான், சர்ட்டிபிகேட் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கூட்டாளிகளோடு செம்புக் கேபிள் திருடி மாட்டினான். மூன்று வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்தான். இப்போது புக்கிட் காத்திலில் அவளோடு இருக்கிறான். சுங்கை ஊடாங்கில் ஒரு குத்தகைக்காரரிடம் எண்ணெய்த் தொட்டி கழுவும் வேலை.

வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தபோது கேட் முன்னால் போலீஸ் கார் நின்றது. இறங்கியவர் கோப்ரல் யுகேந்திரன். இந்தத் தாமான் குடியிருப்பில் எல்லாருக்கும் தெரிந்த முகம்.

"பயப்படாதீங்க அக்கா. பின்னால புது வீடு கட்டுறாங்கல்ல, அங்க வியாழக்கிழமை சாயங்காலம் கேபிள் காணாமப் போச்சு. உங்க அண்ணன் அப்ப எங்க இருந்தாரு?"

எதிர்வீட்டு ஜன்னல் திரை அசைந்தது. இந்திராதேவிக்கு வியாழக்கிழமை நன்றாக ஞாபகம் இருந்தது. தான் வேலை செய்யும் கிளினிக்கில் கணக்கை முடித்துவிட்டு வந்தபோது வீடு பூட்டியிருந்தது. மீன் குழம்பைச் சூடு பண்ணி வைத்துவிட்டுக் காத்திருந்தாள், கண் சொருகியதும் போய்ப் படுத்துவிட்டாள். அவன் எப்போது வந்தான் என்றே தெரியாது.

"வீட்டுலதான் இருந்தாரு. என்கூடத்தான் சாப்பிட்டாரு" என்றாள்.

அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். பொய் வாயிலிருந்து வந்த வேகம் அவளுக்கே பயமாக இருந்தது. சிக்னலில் சிவப்பு விழுந்தால், ரோட்டில் ஒரு வண்டியும் இல்லாவிட்டாலும் நிற்கிறவள் அவள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். துணியை மடித்தாள், பிரித்தாள். ஒருமுறை அண்ணன் அறைக்குள் போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். ஒரு ஜோடி பூட்ஸும் தூசியும்தான் இருந்தன. என்ன தேடினோம் என்று நினைத்ததும் வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் சேகரன் வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றான்.

"கோப்ரல் வேலை எடத்துக்கு வந்திருந்தாரு."

"இங்கயும் வந்தாருணே. நான் சமாளிச்சுட்டேன். நீ வீட்டுல இருந்தேன்னு சொல்லிட்டேன்."

"நான் வீட்டுல இல்லையே இந்திரா. ஓ.டி. இருந்துச்சு. தொட்டிக்குள்ள நின்னுக்கிட்டு இருந்தேன். அதத்தான் அவருகிட்ட சொன்னேன். என்கூட இருந்தவங்களும் சொன்னாங்க. அதுக்கு அவரு, கூட்டாளிங்க அப்படித்தான் சொல்லுவாங்க, தங்கச்சி ஏன் வேற மாதிரி சொல்றாங்கன்னு கேக்குறாரு. எல்லாருக்கும் முன்னால."

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஓ.டி.ன்னு ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம்ல?"

"போட்டிருக்கலாம்" என்றான். "உள்ள இருந்தப்ப காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ நிக்க வச்சு எண்ணுவாங்க. வெளிய வந்தும் எங்க போறேன், எப்ப வர்றேன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். ஒரு நாளாவது யார்கிட்டயும் சொல்லாம வேலைக்குப் போய்ட்டு வரணும்னு தோணுச்சு. அவ்வளவுதான்."

"சூப்பர்வைசர்கிட்ட கேக்கலாமே."

"லீவுல இருக்காரு அவரு. கம்பத்துக்கு, அவரு ஊருக்குப் போயிருக்காரு, லைன் கெடைக்கல. திங்கக்கிழமைதான்." ஹெல்மெட்டை மேசைமேல் வைத்தான். "அதுவரைக்கும் நான் வேலைக்கு வர வேணாமாம்."

அன்று ராத்திரி அவள் கூடத்துக்கும் சமையல்கட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். போலீசிடம் பொய் சொன்னது கிளினிக்குக்குத் தெரிந்தால் வேலை இருக்குமா, படிப்பு என்ன ஆகும் என்று ஒரு பக்கம் ஓடியது. பேசாமல் இருந்தால் திங்கட்கிழமை சூப்பர்வைசர் வந்து எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று இன்னொரு பக்கம். சரியாகாமல் போனால்? அண்ணன் டிவியைப் போட்டுவிட்டுச் சத்தம் வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே சொன்னாள். "பாலாய்க்குப் போலாம்ணே."

ஸ்டேஷனில் கோப்ரல் யுகேந்திரன் இருவரையும் உட்காரவைத்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். வியாழக்கிழமை அண்ணன் வீட்டில் இல்லை, தான் சொன்னது பொய். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா அக்கா? அவரு வேலையில இருந்தது உண்மைன்னா, நீங்க வாயத் தொறக்காம இருந்தாலே போதும். எதுக்குப் பொய் சொன்னீங்க?"

பயத்தில் சொல்லிவிட்டேன் என்று சொல்லலாம். பாசத்தில் என்றும் சொல்லலாம். இரண்டும் பொய்யில்லை. ஆனால் நேற்று ஒரு முறை உண்மையை மறைத்ததில் வந்த வினைதான் இது. அண்ணன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"அவர்தான் எடுத்திருப்பாருன்னு நெனச்சேன்."

சேகரன் அசையவில்லை. கோப்ரல் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார். புதிதாக எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இன்னொரு தடவை இப்படிச் செய்தால் தன்னால் ஒன்றும் பண்ண முடியாது என்று சொல்லி அனுப்பினார்.

பைக்கில் திரும்பும்போது அவன் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள். "அண்ணே" என்றாள். ஹெல்மெட்டுக்குள் கேட்கவில்லையோ என்னவோ. வீட்டு வாசலில் இறங்கிய பிறகு அவனே பேசினான்.

"எதிர்வீட்டுக்காரங்க நெனைக்கிறது பரவால்ல. அது பழகிப்போச்சு." சாவியைத் தேடினான். "நீ என்னைக் காப்பாத்தத்தான் சொன்ன. தெரியுது. ஆனா காப்பாத்தணும்னா நான் செஞ்சிருக்கணும்ல?"

கதவைத் திறந்து உள்ளே போனான்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் வந்து சொன்னார், சேகரன் அன்று தன் கண்முன்னால்தான் இருந்தான் என்று. அவனை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். கேபிளை எடுத்தது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அடுத்த மாதம் அவன் சுங்கை ஊடாங்கில் கூட வேலை செய்கிறவர்களோடு ஒரு ரூமுக்குப் போனான். வேலைக்குப் பக்கம் என்றான். மெத்தையை வேனில் ஏற்ற அவளும் ஒரு முனையைப் பிடித்தாள். போகாதே என்று சொல்லும் தைரியம் அவளுக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு வகுப்பில் உட்காரவே முடியவில்லை. ஒரு முறை, திருடன் என்று பெயர் சூட்டிவிட்டால் மனிதன் அந்தப் பெயருக்கே போய்ச் சேர்ந்துவிடுவான் என்ற கட்சியைப் பற்றி மலர்விழி பேசிக்கொண்டிருந்தார். இந்திராதேவி பாதியில் எழுந்து வெளியே போய், கார் நிறுத்துமிடத்தில் வெயிலில் நின்றாள். அண்ணன் அந்த ரூமில் யாரோடு இருக்கிறான், என்ன செய்கிறான் என்று மனம் மறுபடியும் பழைய இடத்துக்கே ஓடியது. அதைப் பிடித்து நிறுத்த அவளால் ஆகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிப் போனாள். ரூமுக்குக் கீழே இருந்த சாப்பாட்டுக் கடையில் அவன் நான்கைந்து பேரோடு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"என் தங்கச்சி. டிகிரி படிக்குது" என்று மற்றவர்களிடம் சொன்னான். அவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். பாதுகாப்புக் கோர்ஸ் ஒன்றுக்குக் கம்பெனி அனுப்பப் போகிறது, முடித்தால் டீம் லீடர் ஆகலாம் என்று ஒருவர் அவனைக் கிண்டல் செய்தார். சேகரன் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் பார்த்து எவ்வளவோ காலமாயிருந்தது.

அவள் தட்டில் மீன் துண்டை எடுத்து வைத்தான். அவள் மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள், ஆனால் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் வானத்தைப் பார்த்தான்.

"மழை வரும்போல இருக்கு. வா, பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வர்றேன்" என்று எழுந்தான்.