பாட்டில் கெண்டா இருந்த இடம்

போனை அணைக்கப்போன வெண்மதியின் கையை அம்மாவின் இடது கை எட்டிப் பிடித்துக்கொண்டது, நல்ல பிடி, பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்துபோன ஒருத்தியின் கை என்று சொல்லவே முடியாத பிடி, அணைக்காதே என்று சொல்ல வாயில் வார்த்தை இல்லை, அதனால் கைதான் சொல்லவேண்டியிருந்தது, அம்மாவுக்காகப் போட்ட சினிமாப் பாட்டு முடிந்து போன் தானாகவே அடுத்ததுக்குத் தாவியிருந்தது, யாரோ ஒரு புண்ணியவான் தமிழில் வந்த பழைய ஜப்பான் கார்ட்டூன் பாட்டுகளையெல்லாம் கோத்துப் போட்டிருந்தான், அழாமல் கேட்டால் நீ ஆளுதான் என்று மேலே சவால் வேறு, அந்த வரிசையில் இதுவும் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை, டிரம்ஸ் தட்டியதுமே தூக்கிவாரிப் போட்டது, இந்த வீட்டில் இந்தப் பாட்டு கூடாது, கூடாதென்று யாரும் சொன்னதில்லை, அண்ணன் இனியன் போன பிறகு அது தானாகவே கூடாததாகிவிட்டது, அவன் பெயரும் அப்படித்தான், அவன் பெயரை அம்மா வாயால் கேட்டு எவ்வளவு காலம் ஆகிவிட்டது, இப்போது அம்மாவின் கோணிய உதடு அசைகிறது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக ஆ, ப்பு என்பதைத் தாண்டாத வாய், காற்றின் முதுகில் ஏறி வாடா இனியா, கடலைத் தாண்டி ஓடி வாடா இனியா என்று வார்த்தை பிசகாமல் பாடுகிறது, அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

பாட்டில் உள்ள பெயர் இனியா இல்லை, கெண்டா, காற்றின்மேல் ஏறிப் பறக்கிற ஜப்பான் பையன், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் டிவியில் வருவான், பாளையங்கோட்டையில் அவர்கள் தெருவில் அந்த நேரத்துக்கு ஒரு பயலைப் பார்க்க முடியாது, இனியன் பையை ஒரு மூலையிலும் செருப்பை ஒரு மூலையிலும் வீசிவிட்டு டிவிக்கு முன்னால் நின்றுகொண்டு கெண்டா வருகிற இடத்திலெல்லாம் தன் பெயரைப் போட்டுத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி பாடுவான், எல, அந்தக் கெண்டை மீன் கதைய அப்புறம் பாக்கலாம், கால கழுவு மொதல்ல என்று அடுக்களையிலிருந்து அம்மா கத்துவாள், கத்திவிட்டுக் கொஞ்ச நேரத்தில் மாவு கரைத்தபடியே அவளும் அதைத்தான் முனகுவாள், ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை, காதால் கேட்டதுதான், கதையில்தான் கெண்டா, அவள் அறிந்தவரையில் அந்தப் பாட்டில் இனியாவைத் தவிர யாரும் இருந்ததே இல்லை. எண்ணே, ஒரே ஒரு தடவ எம் பேரப் போடுண்ணே என்று வெண்மதி கெஞ்சியிருக்கிறாள், ஏட்டி, போ, கதாநாயகன் ஒருத்தந்தான் என்பான், அம்மாவிடம் போய் அழுதால் அம்மா சிரிப்பாள், அதுல எங்கட்டி எடம் இருக்கு, அதான் அவன் ஏறி உக்காந்துட்டானே, அன்றைக்கெல்லாம் சோறு வேண்டாம் என்று படுத்திருக்கிறாள், உண்மையாகவே ஆத்திரமாக இருந்தது, இந்த அம்மாவுக்கு மகன்தான் பிள்ளை என்று.

அப்புறம் அந்தச் சேனல் தமிழில் போடுவதை நிறுத்திவிட்டது, அவர்களும் வளர்ந்துவிட்டார்கள், இவள் சென்னையில் வேலைக்குப் போய்விட்டாள், அவன் லேப்டாப்பில் ஜப்பான் பாஷையிலேயே பார்க்கத் தொடங்கிவிட்டான், ஞாயிற்றுக்கிழமை புது எபிசோடு வந்ததும் போன் வரும், ரெடியாட்டி, ஒண்ணு ரெண்டு மூணு, இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் அமுக்குவார்கள், தொடக்கப் பாட்டைத் தள்ளிவிட ஒரு பட்டன் வருமே, அதைத் தொடக்கூடாது என்பது அவன் சட்டம், அத அமுக்குறவன் மனுசனே இல்லட்டி, புதுப் பாட்டுகள் பழைய கெண்டா பாட்டு மாதிரி இல்லை, மழையும் ரயிலும் பிரிவுமாக இருக்கும், அர்த்தம் ஒரு எழுத்து தெரியாது, காதில் விழுந்ததை விழுந்தபடி இரண்டு பேரும் போனில் கத்துவார்கள், ஹாஸ்டல் அறையில் கூட இருந்த பெண் அவளை ஒரு மாதிரியாகப் பார்ப்பாள், அவள் கவலைப்படமாட்டாள், ஊரில் பிடிக்காமல் போன அண்ணன் அந்தப் பாட்டுகளுக்குள்தான் அவளுக்குப் பிடித்துப்போனான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள், போன் வரவில்லை, நான்குவழிச் சாலையில் ஒரு லாரி, ஒரு பைக், அவ்வளவுதான் சொன்னார்கள், இன்றைக்கும் பருவத்துக்கு ஒரு பாட்டு புதிதாக வந்துகொண்டுதான் இருக்கிறது, ஆபீசில் பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள், அவள் எதையும் கேட்பதில்லை, பாட்டு வந்ததும் அந்தப் பட்டனை அமுக்கிவிடுகிறாள், அமுக்கும்போதெல்லாம் அவன் திட்டுவது கேட்கிறது.

பேச்சுப் பயிற்சிக்கு வீட்டுக்கு வருகிற ஜெசிந்தா, பேச்சு போனாலும் சில பேருக்குப் பாட்டு தங்கும், அம்மா தெனம் கேட்ட பாட்டாப் போட்டுப் பாருங்க என்று சொல்லியிருந்தாள், முருகன் பாட்டு, அம்மா குமரியாக இருந்தபோது வந்த சினிமாப் பாட்டு, எல்லாம் போட்டார்கள், அம்மா சுவரைப் பார்த்தபடி கிடந்தாள், தன் பெயரை அம்மா ஒருமுறை கூப்பிட்டுவிட்டால் போதும் என்று வெண்மதி லீவுக்குமேல் லீவு போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள், கடைசியில் வந்தது இனியா. மறுநாள் ஜெசிந்தா வந்து அம்மா பாடுவதைக் கேட்டாள், விடியும் முன்னே வீடு சேர்வாய் என்கிற வரியில் அம்மாவின் கண் நிரம்பி வழிந்ததையும் பார்த்தாள், அம்மாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் புரிந்தது. நல்ல விசயம் மதி, இனி மெட்டு அப்படியே இருக்கட்டும், அந்தப் பேரு வர்ற எடத்தில மட்டும் நமக்கு வேண்டிய வார்த்தையப் போடணும், தண்ணி, சோறு, அப்புறம் உங்க பேரு, அப்படித்தான் பேச்சு திரும்பும். வேற பாட்டு ஏதாவது பாக்கலாமே என்றாள் வெண்மதி, வேற எதுவும் வரலியே என்றாள் ஜெசிந்தா, பாவம், அவள் என்ன செய்வாள், அப்பாதான் சொன்னார், போடும்மா, அவன் கோவிச்சுக்க மாட்டான்.

தண்ணி வந்தது, எடுத்து வாடி தண்ணி என்று அம்மா பாடியதும் அப்பா ஓடிப்போய் சொம்பு நிறையக் கொண்டுவந்தார், சோறும் வந்தது, இப்போது ஜெசிந்தா கட்டில் சட்டத்தில் தாளம் தட்டுகிறாள், வெண்மதி தன் பெயரைத் தானே பாடிக் காட்டுகிறாள், அம்மா அவள் வாயையே பார்க்கிறாள், காற்றின் முதுகில் ஏறி வாடி என்று தொடங்குகிறாள், அந்த இடம் வருகிறது, உதடு பழக்கத்தில் இ என்று விரிகிறது, விரிந்தபடியே நிற்கிறது, பிறகு அம்மா அதை மெல்ல மூடுகிறாள், அவ்வளவு கஷ்டப்பட்டு மூடுகிறாள், மூடிய உதட்டைப் பிரித்து மதி என்கிறாள், கடலைத் தாண்டி ஓடி வாடி மதி. ஜெசிந்தா கைதட்டுகிறாள், அப்பா துண்டால் முகத்தைப் பொத்திக்கொள்கிறார், சின்னதில் சோறு தின்னாமல் அழுது கேட்ட இடம் இது, அவன் எழுந்துபோய்த்தான் இது காலியாகியிருக்கிறது, எனக்கு வேண்டாம்ணே, நீயே உக்காந்துக்கோ, நான் கேக்கவே மாட்டேன் என்று உள்ளுக்குள் கதறுகிறாள், அம்மா இன்னொரு முறை கூப்பிடுகிறாள், மெட்டில்லாமல், மதி என்று மட்டும், பதிலுக்காக அவள் முகத்தைப் பார்த்தபடி இருக்கிறாள், வந்துட்டேம்மா என்கிறாள் வெண்மதி.