ஒன்றரை லிட்டர் அதிகம்

வடிதட்டு நிரம்பிய பிறகும் கியர் எண்ணெய் நிற்கவில்லை. மெக்கானிக் இன்னொரு வாளியைக் காலாலேயே தள்ளி வண்டிக்கு அடியில் விட்டார். அதிலும் விழுந்தது. சிவப்பாக இருந்திருக்க வேண்டியது துருவின் நிறத்தில் நூல் பிடித்தாற்போல் இறங்கிக்கொண்டிருந்தது. நானும் அண்ணியும் ஆளுக்கொரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆஸ்பத்திரியில் சலைன் பாட்டிலைப் பார்ப்பதுபோல என்று எழுத வந்து நிறுத்திக்கொள்கிறேன். அண்ணனைக் கொண்டுபோன அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எங்களுக்கு சலைன் பார்க்கும் அளவுக்குக்கூட நேரம் கிடைக்கவில்லை.

மெக்கானிக்குக்குத் தெருவில் ‘அரைமணி’ என்று பெயர். எந்த வண்டியைக் கொண்டுபோய் விட்டாலும் அரைமணியில் முடித்துவிடலாம் என்பார். நாலாம் நாள் போனால் அந்த அரைமணி கைபடாமல் அப்படியே மிச்சமிருக்கும். நானும் எட்டு மாதத்துக்கு முன்புவரை அவரை அப்படித்தான் கூப்பிட்டேன். பிறகு ஒரு டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே, ஒரு அரைமணி முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார். அதிலிருந்து எனக்கு அந்தப் பெயர் வாயில் வருவதில்லை. மெக்கானிக் என்கிறேன். யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்று அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

வண்டி அண்ணனுடையது. இருபது வருடம் ஓடிய ஆட்டோமேட்டிக். அண்ணன் உயரம், சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளிப் போட்டுத்தான் ஓட்டுவான். அவனுக்கு நெஞ்சு வலி வந்த அந்தத் திங்கட்கிழமை, அண்ணி கூப்பிட்டு ஓடிப்போய் நான் ஓட்டியபோது அதை முன்னால் இழுக்க நேரமில்லை. சீட்டின் நுனியில் உட்கார்ந்து, பாட்டு கிளாசுக்கு வந்த பிள்ளை மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டு மிதித்தேன். பின்னால் அண்ணியின் மடியில் தலைவைத்து அண்ணன் கிடந்தான். மேம்பாலத்தின் ஏற்றத்தில் பாதி போனதும் எஞ்சின் அலறியது, வண்டி நகரவில்லை. கருகிய வாடை வந்தது. நான் மிதிக்க மிதிக்க, வண்டி ஒரு சாண் பின்னால் இறங்கியது. அப்போது பின்னாலிருந்து அண்ணன் சொன்னான், ஏதோ சொந்த வேலையாகப் போகிறவன் மாதிரி நிதானமாக.

“அவசரப்படாதடா. சூடாயிடுச்சு. ஆறட்டும்.”

என்னிடம் அவன் கடைசியாகப் பேசியது அதுதான். மெத்தை ஏற்றிப்போன ஒரு வேன்காரர் நிறுத்தி, மெத்தைகளுக்கு நடுவே அவனைக் கிடத்திக்கொண்டு போனார். அதற்குள் அந்த அரைமணி போய்விட்டிருந்தது.

இதில் இதுவரை யாருக்கும் நான் சொல்லாத ஒன்று உண்டு. வண்டி ஒழுகுவது எனக்கு முன்பே தெரியும்.

எனக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஊரார் முகத்தில் ஃபிரேமை மாட்டி, இப்போது தெரிகிறதா, இப்போது தெரிகிறதா என்று கேட்டே தலை நரைத்தவன். சனிக்கிழமை மதியம் அண்ணன் வீட்டுக்குப் போவது வழக்கம். அவன் அப்போது தூங்குவான். ஒரு சனிக்கிழமை ஷெட்டில் வண்டிக்கு அடியில் வெற்றிலைச் சாறு துப்பியது மாதிரி ஒரு சிவப்பு. தொட்டு முகர்ந்தேன். கியர் எண்ணெய். அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அறுபது வயதில் டார்ச்சும் கையுமாக வண்டிக்கு அடியில் மல்லாந்து படுப்பான், ரத்த அழுத்தக்காரன். போதாததற்கு, எனக்கு ஒரு நல்ல தம்பியாக, யாருக்கும் தெரியாத நல்ல தம்பியாக இருந்து பார்க்கும் ஆசை. ஒரு பாட்டில் வாங்கினேன். அளவுக் கம்பியை உருவிப் பார்த்து, மேல்கோடு வரை ஊற்றினேன். ஒவ்வொரு சனிக்கிழமையும், ஏறக்குறைய ஒரு வருடம். சரியாக ஊற்றவில்லை, குறைந்துபோய்த்தான் வண்டி பாலத்தில் நின்றது என்று எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் அந்தச் சிவப்பு. கடையில் மேசைக்கு அடியில், பஸ்ஸில் முன்சீட்டுக்கு அடியில். ஒருநாள் காலையில் என் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். என்ன தேடுகிறீர்கள் என்றாள் மனைவி. செருப்பு என்றேன். செருப்பு வாசலில் கிடக்கிறது என்றாள். அப்புறமும் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தேன்.

அண்ணிக்கு வேறு மாதிரி. கட்டி இழுத்துவந்து ஷெட்டில் விட்ட வண்டியை அதன் பிறகு யாரும் ஸ்டார்ட் செய்யவில்லை. ஆனால் சாயங்காலம் ஆனால், ஓடிவந்து நின்ற எஞ்சின் ஆறும்போது டிக் டிக்கென்று சத்தம் வருமே, அது வருகிறது என்றாள். அண்ணன் ஆபீஸ் விட்டு வரும் நேரத்துக்கு. ஷெட்டின் தகரக் கூரை வெயில் இறங்கிச் சுருங்குகிறது என்று நான் விளக்கினேன்.

“தகரச் சத்தம் எனக்குத் தெரியாதா தம்பி.”

போன மாதம் அவளாகவே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, ஐம்பத்து நாலு வயதில் லைசென்ஸ் வாங்கிவந்து என் முன்னால் வைத்தாள். கிளட்ச்சோடு மல்லுக்கட்டத் தன்னால் ஆகாது, இந்த வண்டிதான் தனக்குச் சரி, அரைமணியிடம் விட்டுச் சரிபண்ணிக் கொடுங்கள் என்றாள். வண்டியை விற்றுவிட்டால் அந்தச் சத்தம் எங்கே போகும் என்று அவள் யோசித்திருக்க வேண்டும்.

இப்படித்தான் வந்து டயர்மேல் உட்கார்ந்திருந்தோம். என் தோள்பையில் நான் ஊற்றிய கடைசிப் பாட்டில் இருந்தது. கால்வாசி மிச்சம். வீட்டுக் குப்பையில் போட மனம் வரவில்லை. மெக்கானிக்கின் கழிவெண்ணெய்ப் பீப்பாய்ப் பக்கம் காலிப் பாட்டில்கள் மலையாகக் கிடக்கும், அதில் ஒன்றாக நழுவவிட்டு வந்துவிடலாம் என்பது திட்டம். கொலைகாரர்கள்கூட இவ்வளவு நாள் ஆயுதத்தைப் பத்திரமாக வைத்திருக்க மாட்டார்கள்.

மெக்கானிக் வடிந்ததை அளவுச் சட்டியில் ஊற்றி ஊற்றிப் பார்த்தார். இரண்டாம் தடவையும் அளந்தார். பிறகு விரலில் தொட்டு, தேய்த்து, முகர்ந்தார்.

“நாலு லிட்டர் வரணும் சார். அஞ்சரை வந்திருக்கு.”

குறைந்து கெட்ட வண்டி இல்லை, கூடிக் கெட்டது என்றார். எண்ணெய் மட்டத்துக்கு மேல் நின்றால் உள்ளே சுழல்வதெல்லாம் அதை மோர் கடைவதுபோலக் கடைந்துவிடும். நுரைக்கு கியரைப் பிடிக்கும் பலம் கிடையாது. சூடேறி, மேலே காற்றுப் போகும் ஓட்டை வழியாகத் துப்பும். துப்பினது கீழே விழ, ஒழுகுகிறது என்று நினைத்து இன்னும் ஊற்றியிருப்பார்கள். நிஜமான ஒழுகல் ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர்க் குழாயில், ஒரு நாளைக்கு நாலு சொட்டு. ரேடியேட்டரும் தூசி அடைத்துக் கிடக்கிறது, எண்ணெய் எங்கே ஆறும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, சாதாரணமாக, பானை தேய்த்தது யார் என்று கேட்பதுபோலக் கேட்டார்.

“யாரு ஊத்தினது?”

நான் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த ஸ்பானர்களைப் பெரியதிலிருந்து சின்னது வரை எண்ணினேன். பதினொன்று.

“நான்தான்,” என்றாள் அண்ணி.

திரும்பிப் பார்த்தேன். அவள் வடிதட்டைப் பார்த்தபடியே சொன்னாள். ஒழுகுவதைப் பார்த்தாளாம். அவரிடம் சொன்னால் அடியில் போய்ப் படுப்பார். அதனால் திங்கட்கிழமைதோறும் காலையில், அவர் குளிக்கும்போது, ஒரு தம்ளர். டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் பாட்டில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். மெக்கானிக் எடுத்துவந்தார். நீல மூடி. என்னுடையது மஞ்சள்.

“அன்னிக்கும் ஊத்தினேன். ஆறு மணிக்கு. பத்து மணிக்கு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டாரு.” கொஞ்சம் நிறுத்தினாள். “அதனாலதான் நின்னுச்சா?”

எதற்கும் அரைமணி சொல்லுகிற மனிதர் கைகளைத் துடைக்கத் துணி தேடினார். கையில்தான் இருந்தது.

எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. வண்டி நின்றது நான் குறைவாக ஊற்றியதால் இல்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், ஒரு தம்ளரோடு கதை முடிந்தது. பீப்பாய் நாலடி தூரத்தில். அடுத்த நொடி அண்ணியின் கையைப் பார்த்தேன். தம்ளரைப் பிடித்திருப்பதுபோல விரல்கள் வளைந்தே இருந்தன. ஒரு தம்ளரை ஒன்றரை லிட்டராகக் கணக்குப் போட்டுக்கொண்டு, இனி இவள் சாயங்காலம் சாயங்காலம் அந்த டிக் டிக்கை உட்கார்ந்து கேட்பாள்.

பையின் ஜிப் சிக்கிக்கொண்டது. இந்த மாதிரி நேரத்தில் எனக்கு எதுவும் கம்பீரமாக அமைவதில்லை. மெக்கானிக் வந்து, துளி எண்ணெய் தொட்டுத் தடவி, திறந்துவிட்டார். மஞ்சள் மூடிப் பாட்டிலை எடுத்து நீல மூடிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அண்ணி இரண்டையும் பார்த்தாள். மெக்கானிக் எழுந்து, கூப்பிடாத யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டு வெளியே போனார்.

“எந்தக் கிழமை?”

“சனிக்கிழமை. அண்ணன் தூங்கறப்போ.”

“எவ்வளவு?”

“மேல்கோடு வரைக்கும்.”

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல,” என்றாள். என்னிடமா, தன்னிடமா என்று தெரியாத குரலில். பிறகு அவளே, “நானும் சொல்லல,” என்றாள்.

மெக்கானிக் திரும்பி வந்ததும் அளவுக் கம்பியைக் காட்டினார். கீழே ஒரு கோடு, மேலே ஒன்று. கீழ்க்கோடு வண்டி ஆறியிருக்கும்போது பார்க்க. மேல்கோடு, ஓடிச் சூடானபின் எண்ணெய் ஏறி நிற்க வேண்டிய இடம். நான் ஒரு வருடம் ஆறிய வண்டியில் சூட்டுக்கான கோடு வரை ஊற்றியிருக்கிறேன். கோட்டுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் அது எழுதியும் இருந்தது. அதைவிடப் பொடி எழுத்தை நான் தினமும் ஊராரைப் படிக்கவைக்கிறேன்.

குழாயை மாற்றினார். ரேடியேட்டரைக் கழுவினார். அதன் முன்னால் எண்ணெய்க்கென்று தனியாக ஒரு சின்னக் கூலரைப் பொருத்தினார். பழைய எண்ணெய் முழுவதையும் எடுக்கக் கூடாது என்றார். உள்ளே இன்னும் பாதி நிற்கிறது, தேய்ந்த வண்டிக்கு அந்தப் பழசுதான் பிடிப்பு. அண்ணி, அப்படியானால் நாங்கள் ஊற்றியது கொஞ்சம் உள்ளேயே இருக்குமா என்று கேட்டாள். இருக்கும் என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மாலை நாலு மணிக்கு அண்ணி ஓட்டுநர் சீட்டில் ஏறினாள். சீட்டு அவனுடைய இடத்திலேயே இருந்தது. முன்னால் இழுக்கட்டுமா என்று மெக்கானிக் கேட்டதற்கு, வேண்டாமென்று நுனியில் உட்கார்ந்தாள். எஞ்சின் ஓட, சூடு காட்டும் ஊசி மெல்ல ஏறியது. மெக்கானிக் கம்பியை உருவினார். நல்ல துணியாக ஒன்று கொடுங்கள், நூல் ஒட்டாத துணி என்றார். அண்ணி கதவின் பக்கப் பையில் கையை விட்டு எடுத்தாள்.

வெள்ளைத் துணி. நாலாக மடித்திருந்தது, ஓரத்தோடு ஓரம் சேர்த்து. கைக்குட்டையோ கரண்ட் பில்லோ, எதுவானாலும் அண்ணன் அப்படித்தான் மடிப்பான். அது அண்ணியினுடையது அல்ல. என்னுடையதும் அல்ல.

அவள் மடியில் வைத்துப் பிரித்தாள். உள்ளே சிவப்புக் கோடுகள். அவனும் கம்பியை உருவி, துணியில் வைத்து இழுத்துத் துடைத்த, விரல் நீளக் கோடுகள், ஒரு தடவைக்கு ஒன்று, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, இடைவெளி விட்டு. மேலே உள்ளவை பழுப்பேறி மங்கியிருந்தன. கீழே வரவரச் சிவந்திருந்தன. கடைசி வரியில் இன்னும் ஒரு கோட்டுக்கு இடம் இருந்தது.

மெக்கானிக் கையை நீட்டியபடி நின்றார். அண்ணி துணியை அதே மடிப்புகளில் மடித்தாள், ஒரு தடவை, இரண்டு தடவை. நான் என் சட்டை நுனியை வெளியே எடுத்து, கம்பியை வாங்கித் துடைத்துக் கொடுத்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டிக்கு அடியில் மெக்கானிக் விரித்திருந்த அட்டையை மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.