திரும்பி வராதவர்களின் அறை

அருங்காட்சியகத்தில் இந்து சமயத்தின் வரலாறு நான்கு அறைகளில் இருக்கிறது. நான் அங்கே வழிகாட்டி. முதல் அறையில் வேள்வித் தீ. அந்தக் காலத்தில் இறந்தவர்கள் முன்னோர் உலகுக்குப் போனார்கள். அடுத்ததில் வினையும் மறுபிறவியும் வருகின்றன. மூன்றாவது அறை வீடுபேறு, அதாவது பிறவி அறுந்து திரும்பியே வராத நிலை. கடைசியில் பக்தி. வீடுபேறே வேண்டாம், பிறந்து பிறந்து பாடினால் போதும் என்றவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

கணவர் போனபிறகு மூன்றாவது அறையை ஓட்டமாகக் கடந்துவிடுகிறேன். மேலாளர் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏம்மா, அங்க விளக்கு ஏதும் சரியில்லையா?"

"விளக்கு நல்லாத்தான் சார் இருக்கு."

கணவர் போன அன்று என் நாத்தனார், "அண்ணன் தங்கமானவரு அண்ணி. அவருக்கு இனிமே பிறவியே கிடையாது," என்றாள். ஆறுதலாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம் நான் எத்தனை பிறவி எடுத்து, எங்கே போய்த் தேடுவது?

இன்று மேலாளர் பின்னாலேயே வந்ததால், அந்த அறையில் நின்று விளக்க வேண்டியதாயிற்று. "செஞ்ச வினை கொஞ்சம் மிச்சமிருந்தாலும் திரும்பப் பிறந்துதான் ஆகணும்," என்று பார்வையாளர்களிடம் சொல்லும்போது கணவருடைய சிகரெட் நினைவுக்கு வந்தது. மொட்டைமாடியில் பிடித்துவிட்டு, வாயில் ஏலக்காயோடு இறங்கி வந்து, "சத்தியமா தொடலடி," என்பார். தினமும் பொய்ச் சத்தியம். நானும் சிரித்து மன்னித்துவிடுவேன்.

அந்த மன்னிப்பையெல்லாம் அங்கேயே நின்று திரும்ப வாங்கிக்கொண்டேன்.