இரண்டாவது வரிசை

“கிறிஸ்துவின் திருவுடல்” என்று சொல்வதற்கு வாயைத் திறந்தபடி நின்றேன். எதிரே ஆளில்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற அருள்ஜோதி ஃபாதர் முன்னால் வரிசை கோயில் வாசல்வரை நீண்டிருந்தது. அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையத்து வாசலில் டிராக்டர்கள் நிற்குமே, அப்படி நகராமல் நின்றது. என் முன்னால் வெறும் தரை. கையில் நற்கருணைப் பாத்திரம், அது நிறைய அப்பம். அந்த நேரத்தில் என் மனைவி பாத்திமா மேரி, ஃபாதர் வரிசையில் நகர்ந்து நகர்ந்து எனக்கு எட்டிப்பிடிக்கிற தூரத்துக்கு வந்துவிட்டாள். காலை ஒரு எட்டு பக்கவாட்டில் வைத்தால் போதும், காத்திருக்கவே வேண்டாம். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, முன்னால் நின்ற பெண்ணின் பின்னங்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் முறை வந்ததும் ஃபாதரிடம் கை நீட்டி வாங்கினாள். போய்விட்டாள்.

எனக்குக் குடவாசல் கடைத்தெருவில் பாத்திரக்கடை. எதிர்க்கடையில் கூட்டம் நெரியும்போது நம் கடையில் ஈ ஓட்டுவது எப்படி என்பதெல்லாம் பழக்கமான விஷயம்தான். ஒரு குடத்தை எடுத்துத் துடைக்கலாம், போனைக் காதில் வைத்து ‘லோடு எப்ப வருது’ என்று யாரும் இல்லாத மறுமுனையை அதட்டலாம். பீடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு அதெல்லாம் முடியாது. இரண்டு பேரிடமும் ஒரே நன்மை. நாங்கள் வாங்குகிற அந்த அப்பத்துக்கு எங்கள் பேச்சில் நன்மை என்றுதான் பெயர். இங்கே ஒன்று ஒசத்தி, அங்கே ஒன்று மட்டம் என்பது கிடையாது, விலையும் கிடையாது. அப்படியிருந்தும் நீள வரிசையில்தான் நிற்பேன் என்று ஓர் ஊர் நின்றால் வியாபாரி என்ன நினைப்பான்? சரக்கில் குறையில்லை, கடைக்காரனிடம்தான் ஏதோ இருக்கிறது.

இந்த வேலையை நான் கேட்டு வாங்கவில்லை. ஃபாதருக்கு முழங்கால் தேய்மானம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருகிற கூட்டத்துக்கெல்லாம் தனியாக நன்மை கொடுத்து முடிப்பதற்குள் அவர் முகம் வெளுத்துவிடும். “நாலு பேருக்குத் தெரிஞ்ச ஆளு நீங்க, கை நடுங்காது” என்று சொல்லித் தஞ்சாவூருக்குப் பயிற்சிக்கு அனுப்பினார். ஆயரின் அனுமதியோடு வந்து, வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு, முதல் ஞாயிறு நற்கருணைப் பாத்திரத்தைக் கையில் வாங்கியபோது, கடவுள் மன்னிக்கட்டும், கை தானாக அதை எடை பார்த்தது. பித்தளையில் தங்க முலாம். முதல் ஆள் வந்து நின்றதும் ‘வாங்க வாங்க’ என்று வாய்வரை வந்துவிட்டது.

மற்றவர்கள் ஃபாதரிடம் போவதைக்கூடப் புரிந்துகொள்ளலாம். குருப்பட்டம் பெற்ற கையில் வாங்கினால்தான் வாங்கினமாதிரி இருக்கும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பழகப் பழகச் சரியாகிவிடும் என்று ஃபாதரே சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாக என் பக்கமும் ஆள் வரத்தான் செய்தது. பாத்திமா மட்டும் வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் என் கண் அவள் முக்காட்டைத் தேடும். ஒவ்வொரு ஞாயிறும் அது அந்தப் பக்கம்தான் இருக்கும். வீட்டில் நல்லபடியாகத்தான் இருந்தாள். தோசை வந்தது, காப்பி வந்தது. ‘ஏன்’ என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. கேட்டால் விலை நம் பக்கம் இறங்கிவிடும் என்கிற கடைத்தெரு புத்தி. அதனால் வேறு வழி பார்த்தேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஃபாதரைப் பார்க்கப் போனேன். எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவார்கள்.

“ஃபாதர், நடுவுல நாம ரெண்டு பேரும் ஒட்டி நிக்கிறதால வரிசை குழம்புது. பேசாம ஆளுக்கு ஒரு பக்கமா நின்னுடலாம்.”

“எப்படி?”

“ஆம்பளைங்க கூட்டம் கம்மி. அந்தப் பக்கம் நீங்க நில்லுங்க. பொம்பளைங்க பக்கம்தான் ரொம்ப நேரம் நிக்கணும். அந்தக் கஷ்டத்த நான் பாத்துக்கறேன். உங்க முழங்கால நீங்கதான் பாத்துக்கணும், வேற யாரு பாப்பா?”

சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். மூட்டைத் தடவிக்கொண்டே யோசித்தார். வாங்கப்போகிறவர் யோசிப்பதற்கும் வாங்காதவர் யோசிப்பதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும்.

“நல்ல யோசனைதான்” என்றார்.

மறுநாள் பெண்கள் பக்கம் நின்றேன். அவர்களுக்கு வேறு வழியில்லை, வந்தார்கள். எனக்கு முன்னால் அப்படி ஒரு வரிசை நின்று அன்றுதான் பார்த்தேன். கொடுக்கக் கொடுக்க வந்துகொண்டே இருந்தார்கள். நாலைந்து பெஞ்சு முடிந்தது. பாத்திமா உட்கார்ந்திருந்த பெஞ்சு எழுந்தது. அவளும் எழுந்தாள். கைகளைக் குவித்துக்கொண்டு வந்தவள், என் வரிசையில் சேராமல் பின்பக்கமாக நடந்து, நடுப்பாதையைத் தாண்டி, ஆண்கள் வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

பாட்டுக்குழு பாடிக்கொண்டுதான் இருந்தது. கீபோர்டு வாசிக்கிற ஆல்பின் மட்டும் ஒரு கட்டையைத் தவறி அழுத்தினான். அத்தனை வேட்டிச் சட்டைகளுக்குப் பின்னால் ஒற்றை நீலப் புடவை. அவள் போனதைப் பார்த்து, ஏதோ காரணம் இருக்கும்போல என்று என் வரிசையிலிருந்தும் இரண்டு பேர் உருவிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்கள். அப்போது என் முன்னால் நின்ற எல்சி டீச்சர் கையை நீட்டலாமா வேண்டாமா என்று என்னையே பார்த்தாள். நான் சிரித்தேன். நன்மை கொடுக்கிறவன் சிரிக்கக்கூடாது என்று எங்கும் எழுதியில்லை, ஆனால் அந்தச் சிரிப்பை யாரும் பார்த்திருக்கக்கூடாது.

திங்கட்கிழமை ஷட்டரைத் தூக்கும்போதே எதிர் ஜவுளிக்கடை உலகநாதன் ரோட்டைக் கடந்து வந்துவிட்டார். அவர் சிவன் கோயில் பிரதோஷத்தைத் தவறவிடாத ஆள். எங்கள் கோயில் செய்தி எங்களுக்கு முன்னால் அவருக்குத் தெரியும்.

“ஏம்ப்பா பெரியநாயகம், நேத்து உங்க வீட்டம்மாவே எதிர்க்கடைக்குப் போய்ட்டாங்களாமே?”

“போய் வேலையப் பாருய்யா.”

“இல்ல, எனக்கு ஒரு சந்தேகம். என் கடைத் துணிய எம் பொண்டாட்டி கட்டலேன்னா எவ வந்து வாங்குவா? அதனாலதான் கேட்டேன்.” சிரித்துக்கொண்டே வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். “சரி விடு. டீ சொல்லட்டா?”

டீ வந்தது. குடிக்காமலே ஆறியது. பழைய பித்தளை எடுத்துக்கொள்கிற தராசைப் பார்த்தேன். அதில் ஏதாவது குறை என்று பாத்திமா கேள்விப்பட்டிருப்பாளோ? தராசு சரியாகத்தான் இருந்தது. வேறு என்ன? கை சுத்தமில்லை என்று ஊர் பேசத் தொடங்கினால் அங்கியைக் கழற்றி ஃபாதரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். கழற்றுவதுகூடப் பெரிதில்லை. அவள் எதை மனதில் வைத்து அத்தனை பேருக்கு நடுவில் அந்தப் பாதையைத் தாண்டினாள் என்று தெரியாமல் எப்படிக் கழற்றுவது? எழுந்து அண்டாக்களை இடம் மாற்றி அடுக்கினேன். மறுபடியும் பழைய இடத்திலேயே அடுக்கினேன்.

மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரோடு அவளே வந்தாள். கடையில் வேறு யாருமில்லை. அடுக்கைப் பிரித்துத் தட்டில் சோற்றைப் போட்டாள். கருவாட்டுக் குழம்பு.

“பாத்திமா, என் கையில அப்படி என்ன குறை?”

“கொறன்னு நான் சொன்னேனா?”

“ஊரே சொல்லுது. சொந்தப் பொண்டாட்டி வாங்க மாட்டேங்கிறான்னு. நான் என்ன கொலையா பண்ணிட்டேன்?”

“நீங்க பொம்பளைங்க பக்கம் வந்து நின்னா நான் எங்க போறது? வேற பக்கம் போகத்தான் செய்வேன். பழைய மாதிரி நடுவுல நின்னிருந்தா யாரு கண்ணுலயும் பட்டிருக்காது. யாரு மாத்தச் சொன்னா?”

சோற்றைப் பிசைந்தேன். அவள் எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, தலைகீழாகக் கவிழ்த்திருந்த தவலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க எதக் குடுத்தாலும் மூஞ்சியப் பாப்பீங்க, ஜெனித் அப்பா.”

“மூஞ்சியப் பாக்காம எப்படிக் குடுக்குறது?”

“பொடவ எடுத்தாந்து குடுத்தா பாப்பீங்க. ஆஸ்பத்திரி மாத்திரையக் குடுத்தாலும் பாப்பீங்க. பூ வாங்கியாந்தாலும் பாப்பீங்க. சந்தோசப்பட்டாளா, போதுமா, இன்னும் கொஞ்சம் சிரிக்க மாட்டாளான்னு. நானும் சிரிச்சிடுவேன். உங்க மேல தப்பு சொல்லல. குடுக்காத ஆம்பளைங்களும் இருக்காங்க, எனக்குத் தெரியாதா? ஆனா கல்யாணம் ஆனதுலேருந்து எது வந்தாலும் இந்தக் கையாலதான் வந்திருக்கு, எல்லாத்துக்கும் சிரிச்சிருக்கேன். ஃபாதர் என்னப் பாக்குறதில்ல. கையப் பாத்துப் போடுறாரு, அடுத்த ஆளுக்குப் போயிடுறாரு. அந்த ஒரு எடத்துலயாவது சும்மா வாங்கிக்கிறேனே.”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பார்க்கிறேன் என்பது தெரிந்தும் பார்த்தேன். அவளும் அதைக் கவனித்தாள்.

“மோர் ஊத்தட்டா?” என்றாள்.

அந்த வாரம் கடையில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அம்சம் என்று ஒரு அம்மாள், தன் மகள் கல்யாணச் சீருக்கு அண்டா பார்க்க வந்தாள். வயல்காரி, பேரம் பேசுவதற்கென்றே மத்தியானம் காலியாக வைத்துக்கொண்டு வந்திருந்தாள். முகத்தைப் பார்க்காமல் விற்றுத்தான் பார்ப்போமே என்று அண்டாவின் விளிம்பையே பார்த்துக்கொண்டு, இறங்கவேண்டிய கடைசி விலையை முதலிலேயே சொல்லிவிட்டேன். அம்சம் குனிந்து அண்டாவுக்குள் பார்த்தாள்.

“ஏன்யா, ஒடைஞ்ச அண்டாவா?”

“இல்லம்மா, நல்ல அண்டா.”

“அப்புறம் ஏன் எம் மூஞ்சியப் பாத்துச் சொல்ல மாட்டேங்கிறீங்க?” அண்டாவைச் சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்த்தாள். பிறகு முந்தானையை உதறிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் உலகநாதன் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

பார்ப்பது தொழில். அதை நான் குறையாக நினைத்ததே இல்லை. நன்மை கொடுக்கிற இடத்திலும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். யார் வீட்டில் சண்டை, யார் ராத்திரி குடித்தது, யாருக்குக் குறுவை கைகொடுக்கவில்லை என்பதெல்லாம் “ஆமென்” சொல்வதற்குள் எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்துகொண்ட சந்தோஷத்தோடு அடுத்தவருக்குப் போவேன். அது அவர்களுக்கும் தெரியுமோ என்னவோ.

சனிக்கிழமை ஃபாதர் போன் செய்தார். “பழையபடி நடுவுலயே நின்னுடுவோம். நீங்க வர்றீங்கள்ல?” அந்தக் கேள்வியில் வராவிட்டாலும் பரவாயில்லை என்பதும் கொஞ்சம் இருந்தது. வருகிறேன் என்றேன். வீட்டில் பாத்திமாவிடம் அதைச் சொன்னேன். “ம்” என்றாள். அந்த ‘ம்’மை என்னால் எடை போட முடியவில்லை.

ஞாயிறு விடியும் முன்பே பீட வேலைக்கென்று கிளம்பிவிட்டேன். அவள் அப்போது எழுந்து பல்கூடத் தேய்க்கவில்லை. எந்தப் புடவை கட்டப் போகிறாள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. பூசையில் பெண்கள் பக்கம் திரும்பவே இல்லை. நன்மை நேரம் வந்து ஃபாதர் பக்கத்தில் நின்றதும் கண்ணைத் தாழ்த்தி, பாத்திரத்தின் விளிம்புக்கு அந்தப் பக்கம் ஒரு கை அகலம் மட்டும் தெரிகிறமாதிரி வைத்துக்கொண்டேன். தலை ஒரு பக்கம் இழுத்தது, கட்டிப்போட்ட கன்றுக்குட்டிமாதிரி.

கைகள் வந்தன. கொரோனாவுக்குப் பிறகு எங்கள் கோயிலில் பெரும்பாலும் எல்லோரும் கையில்தான் வாங்குகிறார்கள். ஆனால் அவற்றை நான் இதுவரை பார்த்ததில்லை. வெடித்த கை. நகத்தில் கிரீஸ் ஏறிய கை. தையல் ஊசி குத்திக் குத்திக் காய்ப்பேறிய விரல். மருதாணி. நடுங்குகிற கை ஒன்று, அதைத் தாங்கிக்கொண்டு இன்னொருவருடைய கை. யாருடையது என்று ஒன்றும் தெரியவில்லை. ஆல்பின் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்ததில் “ஆமென்” எதுவும் காதில் விழவில்லை. வைத்தேன், அடுத்த கை, வைத்தேன். நேரம் போகப் போகப் பரபரப்பு குறைவதற்குப் பதில் ஏறிக்கொண்டே போனது.

பிறகு ஒரு கை வந்தது. வலக்கை மேல் இடக்கை. ஊரில் பாதிப் பெண்கள் போட்டிருக்கிற மெல்லிய வளையல். கட்டைவிரலுக்குக் கீழே ஆறிக்கொண்டிருக்கிற சூட்டுக் காயம். எந்த வீட்டு அடுப்பிலும் படக்கூடியதுதான். பாத்திமா கையில் அப்படி ஒன்று இருக்கிறதா? திங்கட்கிழமை சோறு போட்டாளே, அந்தக் கையில் இருந்ததா? எத்தனை வருஷமாகச் சம்பாதித்ததையெல்லாம் அந்தக் கையில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியவில்லை. அவள் முகத்தைக் கேளுங்கள், இருட்டில்கூட வரைந்து காட்டுவேன்.

“கிறிஸ்துவின் திருவுடல்.”

அப்பத்தை வைத்தேன். அந்தக் கை உடனே நகரவில்லை. வெள்ளை வட்டம் உள்ளங்கைக் குழியில் அசையாமல் இருந்தது. என் பின்னங்கழுத்து விண்ணென்று தெறித்தது. கீழே இருந்து வலக்கை விரல்கள் வந்து அப்பத்தை எடுத்தன, என் கண்ணுக்கு நேரே மேலே கொண்டுபோயின. நான் நிமிராமல் அங்கேயே, அந்த இடக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் இல்லாமல், அது இன்னும் விரிந்தே இருந்தது.