ஒரு நிமிஷம் குடுங்க மேடம்

இருபத்திரண்டு வருடம் கம்பெனிக்கு ஆள் எடுக்கும் வேலையில் குப்பை கொட்டியவள் நான். அதனால்தான் அக்கா தன் மகளை என் தலையில் கட்டினாள். கல்லூரியில் கடைசி வருடம். நான்கு இன்டர்வியூவுக்குப் போய் நான்கிலும் வாயைத் திறக்காமல் திரும்பி வந்தவள். வெள்ளிக்கிழமை ஐந்தாவது. அந்தக் கல்லூரிக்கு ஆள் எடுக்க வரும் கடைசி கம்பெனி அதுதான்.

"இனிமே நீயாச்சு, அவளாச்சு" என்று அக்கா கையைக் கழுவிக்கொண்டாள்.

சாப்பாட்டு மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். மூன்று நாளாக இதே கூத்து. பெயரையும் படிப்பையும் ஒப்பிப்பாள். "உங்களை எதுக்கு எடுக்கணும்?" என்று கேட்டால் போச்சு. உதடு அசையும், சத்தம் வராது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பெற்றவளிடம் வாய்க்கு வாய் பேசுகிறவளுக்கு இங்கே மட்டும் என்ன கேடு?

அவள் மெல்ல நிமிர்ந்தாள். "ஒரு நிமிஷம் குடுங்க சித்தி."

எதிரே இருந்தது அக்கா மகள் இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன் நான் எடுத்த இன்டர்வியூவில் இதே கேள்விக்குத் திணறி, "ஒரு நிமிஷம் குடுங்க மேடம்" என்று கேட்டவள். கழுத்துப் பொத்தான் வரை போட்ட வெளிர்நீலச் சட்டை. அன்றைக்கு முப்பத்தேழு பேரைப் பார்க்க வேண்டியிருந்தது. நான் மேசை மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அவள் எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு, "தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தத் தேங்க்ஸ்தான் என்னை இன்னும் விடவில்லை. லிஃப்டில், மருந்துக்கடை வரிசையில், பேசத் தயங்கும் எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் அவள் வந்து நிற்கிறாள்.

"நான் போகணுமா சித்தி?"

அக்கா மகள் எழுந்து நின்றிருந்தாள். அப்போதுதான் என் கையைக் கவனித்தேன். மணியே இல்லாத மேசையில் என் உள்ளங்கை தட்டிக்கொண்டிருந்தது.

மறைக்கத் தெம்பில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அப்புறம் அவங்க என்ன ஆனாங்க?"

"தெரியாது. தேடிப் பாக்கவும் பயம்."

"பதில் வரலன்னா டைம் கேளுன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க? அவங்களும் கேட்டிருக்காங்களே."

"கேட்டா. நான்தான் தரல."

"வெள்ளிக்கிழமை அங்கயும் உங்கள மாதிரி ஒருத்தர் இருந்தா?"

சுருக்கென்றது. கேட்க வேண்டியதைத்தான் கேட்டாள்.

"இருந்தாலும் கேளு. அவங்க மணியே அடிச்சாலும் எழுந்திரிக்காத. பதிலச் சொல்லிட்டு எழுந்திரு."

வெள்ளிக்கிழமை மாலை, தோள் பையைக்கூட இறக்காமல் என் வீட்டுக்குள் ஓடிவந்தாள். வேலை கிடைத்துவிட்டது. அக்கா போனில் அழுதாள். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை.

"அதே கேள்விதான் சித்தி. அதே மாதிரி வாயடைச்சுப் போச்சு. டைம் கேட்டேன். அந்த மேடம் பேனாவ கீழ வெச்சுட்டுக் காத்திருந்தாங்க."

"எவ்வளவு நேரம்?"

"பயத்துல செவுத்துக் கடிகாரத்தையே பாத்துட்டு இருந்தேன். பதினோரு செகண்ட். அதுக்குள்ள எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு."

அவள் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண்ணிப் பார்த்தேன். வாளியில் கால்பங்குகூட நிரம்பவில்லை.