வழித்து எடுத்தது

டாக்டரம்மா கால்கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். அக்காளுக்கு விஷயம் புரிந்துபோனது. குதிகால் புண் அப்படியேதான் இருக்கிறது.

துணி தேய்க்கிறவளுக்கு நிற்பதுதான் பிழைப்பு. சர்க்கரை வியாதிக் கால், எந்த மாத்திரைக்கும் மசியவில்லை. கிருமிகள் தங்களைச் சுற்றிப் பிசின் மாதிரி ஒரு படலம் கட்டிக்கொண்டு உள்ளே சொகுசாக உட்கார்ந்திருக்கின்றன, மருந்து வாசலிலேயே நின்றுவிடுகிறது என்று டாக்டரம்மாதான் முதலில் விளக்கினார். அந்தப் படலத்துக்குள் புகுந்துபோகும்படி, கண்ணுக்கே தெரியாத நுண்துகள்களில் மருந்தை அடைத்து ஒரு புதுக் களிம்பு செய்து சோதித்துக்கொண்டிருந்தார்கள். அக்காளும் அந்தச் சோதனையில் சேர்ந்திருந்தாள்.

களிம்பு கேட்கவில்லை, இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், பாதத்தை எடுத்துவிடுவதுதான் உயிருக்கு நல்லது என்று டாக்டரம்மா இப்போது மெதுவாகச் சொன்னார்.

பக்கத்தில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த தங்கைக்கு முகம் வெளுத்தது. வீட்டில் கட்டு மாற்றுவது அவள்தான். சுத்தம் என்றால் பைத்தியம். அவள் கையில் மாட்டிய பாத்திரம் பாதியாகத் தேய்ந்துதான் வெளியே வரும் என்று அக்காள் கேலி செய்வாள்.

"போடும்போது கண்ணாடி மாதிரி இருக்கு டாக்டர். கொஞ்ச நேரத்துல வெள்ளையா நூல் நூலா ஆயிடுது. சீழ்தான் வருதுன்னு நெனச்சு, நான்தான் ஒவ்வொரு தடவையும் வழிச்சு எடுத்துட்டேன்."

டாக்டரம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அது சீழ் இல்லை, களிம்பு வேலை செய்யத் தொடங்கும்போது அப்படித்தான் ஆகும் என்றார். ஆனால் சோதனையில் இப்படி முறை தவறியவர்களுக்கு மறுபடி மருந்து தர விதியில்லை என்றும் சொன்னார்.

திட்டு விழப்போகிறது என்று தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். அக்காள் அவள் பக்கமே திரும்பவில்லை.

"புண்ணு எலும்புக்கு எறங்கிடுச்சா டாக்டரம்மா?"

"இன்னும் இல்லம்மா. ஆனா..."

"அப்ப மருந்து இன்னும் தோக்கல. அதைத்தான் இவ உள்ள விடவே இல்லையே. இன்னொரு தடவை போட்டுப் பாருங்க. கேக்கலன்னா நானே வந்து காலை நீட்டுறேன், எடுத்துக்குங்க."

அதற்கு மேலதிகாரிகளைக் கேட்க வேண்டும் என்றார் டாக்டரம்மா.

"கேளுங்க. நான் எங்கயும் போகல."

பஸ்ஸில்கூட யார்மேலும் கால் படாமல் ஒடுங்கி உட்காருகிறவள், இரண்டு கையாலும் புண்காலைத் தூக்கி டாக்டரம்மாவின் மேசைமேல் வைத்தாள். காகிதங்கள் நகர்ந்தன. டாக்டரம்மா ஒரு நிமிஷம் அந்தக் காலையே பார்த்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

புண்ணின் ஓரத்தில் லேசாக நீர் கசிந்தது. தங்கையின் கை தானாகவே பஞ்சை நோக்கிப் போனது. பாதியில் நிறுத்தி, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.